அறிதலும் மெய்ப்பித்தலும்: எரிக் கெஸ்ட்னரின் ‘எமிலும் துப்பறிவாளர்களும்’ சிறார் புதினம் – ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

ஜெர்மானிய எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னர் 1929ஆம் ஆண்டு வெளியிட்ட ‘எமிலும் துப்பறிவாளர்களும்’ எனும் புதினம் சிறார் துப்பறியும் இலக்கியத்தின் முன்னோடிப் படைப்புகளுள் ஒன்றாகும். இளம் வயதில் இதனைப் படிப்பவரின் நினைவில் பெரிதும் நிற்பது பெர்லின் தெருக்களில் சிறுவர்கள் திருடனைத் துரத்தும் காட்சியே. முதிர்ந்த வாசகர் இந்நூலை மீண்டும் படிக்கும்போது வேறொரு சிக்கல் மையத்திற்கு வருகிறது. திருடன் யார் என்பது எமிலுக்குத் தொடக்கத்திலேயே தெரியும். அதனைப் பிறர் நம்பும்படி மெய்ப்பிப்பதே அவனுக்கு அரிதாக உள்ளது. அறிதலுக்கும் மெய்ப்பித்தலுக்கும் இடையிலான இந்த இடைவெளியே புதினத்தின் உண்மையான புதிர் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. பணம், குற்றவுணர்வு, ஊசித்துளை, சிறுவர் கூட்டம், தாய்மகன் உறவு ஆகியன இந்நோக்கில் ஆராயப்படுகின்றன. நூலின் பின்வரலாறும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சிறார் இலக்கியம், துப்பறியும் புதினம், மறுவாசிப்பு, சான்று, எரிக் கெஸ்ட்னர், பெர்லின்.

முன்னுரை

இளமையில் விரும்பிப் படித்த நூலொன்றை முதிர்ந்த பருவத்தில் மீண்டும் படிக்கும்போது இருவகை விளைவுகள் நேரலாம். நினைவில் பெரிதாக நின்ற நூல் கையில் எடுத்ததும் சிறுத்துப்போவது ஒன்று. அன்று கண்ணிற்படாத பகுதிகள் இன்று முன்வந்து நிற்பது மற்றொன்று. துப்பறியும் புதினத்தைப் பொறுத்தவரை முதலாவதற்கே வாய்ப்பு மிகுதி. குற்றவாளி யார் என்பது தெரிந்துவிட்டபின் அவ்வகை நூலை மீண்டும் எடுப்பதற்கான தூண்டுதல் பெரும்பாலும் குன்றிவிடுகிறது. அவ்வாறிருக்க, முடிவு தெரிந்த பின்னரும் படிக்கத்தக்கதாக ஒரு சிறார் துப்பறியும் புதினம் நிலைப்பது எதனால் என்பது ஆய்வுக்குரிய வினாவாகும்.

இவ்வினாவிற்கு விடை காண ஏற்ற நூல் ‘எமிலும் துப்பறிவாளர்களும்’. கெஸ்ட்னர் 1899ஆம் ஆண்டு டிரெஸ்டன் நகரில் பிறந்தவர். 1927 முதல் பெர்லினில் இதழாளராகவும் கவிஞராகவும் வாழ்ந்தவர். பெர்லினில் ‘வில்லியம்ஸ்’ பதிப்பகத்தை நடத்திவந்த எடித் யாக்கப்சோன் அம்மையாரின் தூண்டுதலால் அவர் சிறுவர்களுக்காக எழுதத் தொடங்கினார். டாக்டர் டூலிட்டில் கதைகளையும் ‘வின்னி தி பூ’வையும் ஜெர்மானிய மொழியில் கொணர்ந்த பதிப்பகம் அது. பிராகாவில் பிறந்த ஓவியர் வால்டர் டிரியர் நூலுக்குப் படங்கள் வரைந்தார். நூல் வெளிவந்த சில ஆண்டுகளிலேயே நாடகமாகவும் திரைப்படமாகவும் உருப்பெற்றது. பல மொழிகளுக்கும் சென்றது. எனிட் பிளைட்டனின் ‘ஐவர் குழு’ வரிசை தொடங்கிய 1942ஆம் ஆண்டிற்கு 13 ஆண்டுகள் முன்னரே, சிறுவர்கள் தாமே குழுவாகக் கூடித் துப்பறியும் கதைவடிவத்தை இது வளமாகக் கையாண்டுள்ளது.

துப்பறியும் கதையின் இரு கதைகள்

ஸ்வெதான் தோதரோவ் 1966ஆம் ஆண்டு எழுதிய துப்பறியும் புனைவின் வகைமை பற்றிய கட்டுரையில், மரபான துப்பறியும் கதைக்குள் இரண்டு கதைகள் இருப்பதாக விளக்கினார். முதலாவது குற்றத்தின் கதை. அது நூல் தொடங்குமுன்பே நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. வாசகர் முன் நேரடியாக வருவதில்லை. இரண்டாவது புலனாய்வின் கதை. வாசகர் படிப்பது இதனையே. மறைந்து கிடக்கும் முதற்கதையை இரண்டாங்கதை மீட்டெடுக்கும்போது நூல் முடிவடைகிறது.

கெஸ்ட்னரின் புதினத்தில் இவ்வமைப்பு மாறியிருக்கிறது. எமில் டிஷ்பைன் எனும் பள்ளிச் சிறுவன் நொய்ஸ்டாட் என்னும் சிற்றூரிலிருந்து பெர்லினில் உள்ள பாட்டி வீட்டிற்கு இரயிலில் தனியே செல்கிறான். பாட்டிக்காக அவன் தாய் கொடுத்த பணத்தைச் சட்டையின் உட்பையில் வைத்திருக்கிறான். பெட்டியில் உடன் வரும், விறைத்த கருந்தொப்பி அணிந்த குருண்டைஸ் என்பவர் அவனுக்குச் சாக்லேட் தருகிறார். பெர்லினைப் பற்றிப் பொய்க்கதைகளை அளக்கிறார். எமில் உறங்கிவிடுகிறான். விழிக்கும்போது பணமும் இல்லை. அந்த மனிதரும் இல்லை. பெட்டியில் இருந்தவர்கள் இருவர் மட்டுமே. ஆகவே திருடியவர் யார் என்பதில் எமிலுக்கோ வாசகருக்கோ ஐயமில்லை. மரபான துப்பறியும் கதை இறுதியில் வெளியிடும் செய்தி இங்குத் தொடக்கத்திலேயே வெளிப்பட்டுவிடுகிறது.

குற்றம் நிகழும் கணம் மட்டும் கதையில் இடம்பெறவில்லை. அவ்விடத்தைக் கெஸ்ட்னர் ஒரு கனவால் நிரப்புகிறார். இரயில் வட்டமாக ஓடுகிறது. எமிலின் ஊர்க்காவலர் யெஷ்கே அவனைத் துரத்துகிறார். எமில் ஓடி ஒளிகிறான். தன் பணம் களவாடப்படும் நேரத்தில் எமில் தன்னையே குற்றவாளியாகக் கனவு காண்கிறான் என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. முதல் வாசிப்பில் வேடிக்கையான இடையீடாகத் தோன்றும் இக்கனவு, மறுவாசிப்பில் புதினத்தின் சிக்கலை முன்கூட்டியே அறிவிக்கும் பகுதியாக அமைகிறது. பறிகொடுத்தவனே குற்றவாளியைப் போல அஞ்சுகிறான். இவ்வச்சம் எங்கிருந்து வந்தது என்பதை அறியப் பணத்தையும் சிலையையும் நோக்க வேண்டும்.

நூற்று நாற்பது மார்க்

எமிலிடம் இருந்த தொகை 140 மார்க். அதாவது 100 மார்க் தாள் ஒன்றும் 20 மார்க் தாள்கள் இரண்டும். இதில் 120 மார்க் பாட்டிக்குரியது. 20 மார்க் எமிலின் செலவுக்குரியது. கணவனை இழந்த அவன் தாய் வீட்டிலேயே பெண்களுக்குத் தலைமுடி ஒப்பனை செய்து வாழ்பவள். அவளுடைய சராசரி வருமானம் வாரத்திற்கு 35 மார்க் எனக் கதைசொல்லி கணக்கிட்டுக் காட்டுகிறார். மிகுந்த வருமானமுடையவர்களுக்கு இத்தொகை அற்பமாகத் தோன்றலாம் என்றும், ஆனால் பெரும்பாலான மக்கள் அவ்வாறு வாழ்வதில்லை என்றும் அவர் வாசகச் சிறுவர்களிடம் நேரடியாகப் பேசுகிறார்.

இளம் வாசகர் இக்கணக்கை விரைந்து கடந்துவிடக்கூடும். முதிர்ந்த வாசகருக்கோ அதுவே கதையின் எடையை உணர்த்துகிறது. 140 மார்க் என்பது அத்தாயின் நான்கு வார வருமானம் முழுவதும். உணவு, வாடகை, பள்ளிச்செலவு ஆகியவற்றிலிருந்து மிச்சம்பிடித்துச் சேர்த்தது எனும்போது, அதன் பின்னே பல மாத உழைப்பு நிற்கிறது. சிறார் புனைவில் பெரிதும் காணப்படும் புதையலும் நகையும் போன்ற பொருளன்று இது. ஒரு குறிப்பிட்ட பெண் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான தலைகளைக் கழுவி ஈட்டிய கூலி. புதினம் தொடங்கும்போது அவள் அண்டை வீட்டுப் பெண்ணொருத்தியின் தலையைக் கழுவிக்கொண்டிருப்பது இதனாலேயே பொருள் பெறுகிறது. பணத்தின் தோற்றுவாயை வாசகர் முதலில் கண்ணால் காண்கிறார். பின்னரே அது களவு போவதை அறிகிறார்.

சிலையும் அச்சமும்

பணத்தைப் பறிகொடுத்த சிறுவன் காவல்துறையிடம் செல்லாதது ஏன் என்னும் வினா எந்த வாசகருக்கும் எழும். சிறார் துப்பறியும் புனைவில் பெரியவர்களை ஒதுக்கிவைப்பதற்குக் காரணம் தேவை. பல நூல்களில் பெற்றோர் ஊரில் இல்லாதது, காவலர் மந்தமானவராக இருப்பது போன்ற எளிய உத்திகள் இதற்குப் பயன்படுகின்றன. கெஸ்ட்னர் இதற்கான காரணத்தைச் சிறுவனின் மனத்திற்குள்ளேயே வைக்கிறார்.

எமில் தன் ஊரில் நண்பர்களுடன் சேர்ந்து பெருங்கோமகன் கார்லின் சிலைக்குச் சிவந்த மூக்கும் கரிய மீசையும் வரைந்தவன். அதனைக் காவலர் யெஷ்கே கண்டிருக்கக்கூடும் என அஞ்சுபவன். தன்மேல் இப்படியொரு குற்றம் இருக்கும்போது தன் முறையீட்டை எந்தக் காவலர் நம்புவார் என்பது அவனது கணிப்பு. குழந்தை வாசகர் இவ்வச்சத்தை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்; சிலைக்கு மீசை வரைந்தது அவருக்கும் பெருங்குற்றமே. முதிர்ந்த வாசகர் முதலில் நகைக்கிறார், பின்னர் தயங்குகிறார். அக்கணிப்பில் ஓர் உண்மை உள்ளது. முறையிடுபவரின் சொல்லை அவருடைய முந்தைய நடத்தையைக்கொண்டு எடைபோடுவது அதிகார நிறுவனங்களின் வழக்கம். எமில் தன் குற்றத்தின் அளவைத் தவறாக மதிப்பிட்டான். ஆயினும் நம்பகத்தன்மை எவ்வாறு வழங்கப்படுகிறது என்பதைச் சரியாகவே உணர்ந்திருந்தான்.

இவ்வச்சத்திற்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு. 1930களின் நடுவில் வெளிவந்த ‘எமிலும் மூன்று இரட்டையரும்’ எனும் அடுத்த நூலில், அதே காவலர் யெஷ்கே எமிலின் தாயை மணந்துகொள்ள விரும்பி எமிலின் இசைவைக் கேட்கிறார். சிறுவன் பேரதிகாரமாகக் கண்ட மனிதர், அச்சிறுவனின் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும் நிலைக்கு வருகிறார்.

டிராமில் கிடைத்த நம்பிக்கை

குருண்டைஸைப் பின்தொடர்ந்து பெர்லின் விலங்குக்காட்சிச்சாலை நிலையத்தில் இறங்கும் எமில், அவர் ஏறிய டிராமிலேயே தானும் ஏறுகிறான். பயணச்சீட்டு வாங்கக் கையில் காசில்லை. பணம் தொலைந்த செய்தியைச் சொல்லியும் பயனில்லை. அப்போது செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒருவர் அவனுக்காகச் சீட்டு வாங்கித் தருகிறார். எமில் முகவரி கேட்டும் அவர் தரவில்லை. பின்னர் காவல் தலைமையகத்தில் எமிலைச் செவ்விகாண வரும் இதழாளர்களுள் ஒருவராக அவர் மீண்டும் தோன்றுகிறார். அவர் பெயர் கெஸ்ட்னர்.

ஆசிரியர் தம்மைக் கதைக்குள் நுழைத்துக்கொண்ட விளையாட்டாகவே இதனை இளம் வாசகர் கொள்வர். அறிதலும் மெய்ப்பித்தலும் என்னும் நோக்கில் இந்நிகழ்வு கூடுதல் பொருள் பெறுகிறது. நகரத்துப் பெரியவர்களுள் எமிலின் சொல்லைச் சான்று கேளாமல் முதலில் ஏற்றவர் இவர் ஒருவரே. அந்நம்பிக்கையின் விலை ஒரு டிராம் கட்டணம். புதினத்தின் மற்ற இடங்களிலெல்லாம் சிறுவர் தம் சொல்லை மெய்ப்பிக்க வேண்டியிருக்க, இங்கு மட்டும் அது இலவசமாகக் கிடைக்கிறது.

ஊசித்துளை எனும் சான்று

இரயிலில் எமில் பணவுறையை உட்பையில் வைத்ததோடு நில்லாமல், சட்டை மடிப்பில் இருந்த குண்டூசியை எடுத்து உறை, தாள்கள், சட்டையின் உட்துணி ஆகிய மூன்றையும் ஊடுருவும்படி குத்திவைக்கிறான். குருண்டைஸ் பணத்தை எடுத்துச் சென்றபோது ஊசி எமிலிடம் தங்கிவிடுகிறது. துளை தாள்களுடன் சென்றுவிடுகிறது.

நூலின் பெரும்பகுதிவரை இத்துளையைப் பற்றி எவரும் நினைப்பதில்லை. ஊதுகுழலுடன் திரியும் குஸ்தாவ், வழக்கறிஞர் மகனான ‘பேராசிரியர்’, அவர்களின் தோழர்கள் எனச் சிறுவர் பலர் எமிலுக்குத் துணைநிற்கின்றனர். யோஸ்டி உணவகத்திலிருந்து நோலன்டார்ஃப் சதுக்கத்து விடுதிவரை குருண்டைஸைக் கண்காணிக்கின்றனர். இரவு முழுவதும் முறைவைத்துக் காவல் காக்கின்றனர். இவ்வளவு செய்தும் அவர்களிடம் சேர்வது அறிவு மட்டுமே, சான்று இல்லை.

இதனைச் சிறுவர்களே உணர்ந்திருப்பதை அவர்களின் விவாதம் காட்டுகிறது. திருடனிடமிருந்து பணத்தைத் திருப்பித் திருடிவிடலாம் என்னும் யோசனை எழுகிறது. பிறர் அறியாமல் எடுப்பது, எடுக்கப்படும் பொருள் யாருடையதாயினும், திருட்டே ஆகும் என்று பேராசிரியர் மறுக்கிறான். சட்டவியலில் ‘தானே நீதி வழங்கிக்கொள்ளல்’ என விவாதிக்கப்படும் சிக்கல் இங்குப் பள்ளிச் சிறுவர்களின் வாய்மொழியில் பேசப்படுகிறது. முதல் வாசிப்பில் துரத்தலைத் தாமதப்படுத்தும் பேச்சாகத் தோன்றும் இப்பகுதி, மறுவாசிப்பில் நூலின் அறவியல் அடித்தளமாக நிற்கிறது. ஒரு பொருள் தன்னுடையது என்று ஒருவர் அறிந்திருப்பது மட்டும் போதாது. அது பொதுவெளியில் ஏற்கப்பட வேண்டும்.

அவ்வேற்பு வங்கியில் நிகழ்கிறது. குருண்டைஸ் 100 மார்க் தாளை மாற்ற முற்படும்போது சிறுவர்கள் உள்ளே நுழைந்து அது திருட்டுப் பணம் என்கின்றனர். பெரியவரின் மறுப்புக்கும் சிறுவரின் குற்றச்சாட்டுக்கும் நடுவில் வங்கி அலுவலர் நிற்கிறார். அப்போதே எமிலுக்கு ஊசி நினைவுக்கு வருகிறது. தாள்களை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்க்கின்றனர், துளைகள் தெரிகின்றன. எண்ணற்ற கண்கள் செய்ய முடியாததை ஓர் ஊசித்துளை செய்து முடிக்கிறது.

பணத்தாளின் இயல்போடு இச்சான்றை இணைத்துப் பார்க்க வேண்டும். ஒரு தாள் இன்னொரு தாளுக்கு ஈடானது. யார் கையில் உள்ளதோ அவருடையதாகவே தோன்றுவது. அத்தகைய முகமற்ற பொருளின்மேல் எமிலின் கவலை ஓர் அடையாளத்தைப் பதித்துவிட்டது. தாயின் உழைப்பைத் தொலைத்துவிடக் கூடாது என்னும் அச்சத்தால் குத்தப்பட்ட ஊசியே அவ்வுழைப்பு யாருடையது என்பதற்குச் சான்றாகிறது. துப்பு என்பது குற்றவாளி தவறவிட்டுச் செல்வது என்பதே துப்பறியும் கதையின் பொதுமரபு. இங்கோ அது பறிகொடுத்தவனின் அன்பு முன்கூட்டியே விட்டுவைத்தது.

இதற்கு நேர்மாறாக நிற்பது குருண்டைஸின் நிலை. அவர் இடத்திற்கு ஏற்பக் குருண்டைஸ், முல்லர், கீஸ்லிங் எனப் பெயர் மாற்றிக்கொள்கிறார். பெரியவர் என்னும் தோற்றமே அவருக்கு நம்பகத்தன்மையை அளித்து வந்தது. தாள்களுக்கு அடையாளம் கிடைத்ததும் அவருடைய அடையாளம் சிதைகிறது. ஹனோவர் நகர வங்கிக் கொள்ளையில் தேடப்பட்டவர் அவரே எனக் காவல்துறை கண்டறிகிறது.

கூட்டமும் நீதியும்

நூலின் மிகப் புகழ்பெற்ற காட்சி, விடுதியிலிருந்து வெளிவரும் குருண்டைஸை ஏறத்தாழ நூறு சிறுவர்கள் சூழ்ந்துகொள்வது. அவர் நடந்தால் அவர்களும் நடக்கின்றனர், நின்றால் நிற்கின்றனர். எவரும் அவரைத் தொடுவதில்லை. குழந்தை வாசகருக்கு இது களிப்பின் உச்சம். அடுத்த சில ஆண்டுகளில் ஜெர்மனியில் நிகழ்ந்தவற்றை அறிந்த வாசகருக்கு, தனிமனிதனைச் சூழும் கூட்டம் என்னும் படிமம் நெருடலைத் தரவே செய்யும்.

இந்நெருடலை ஆராய ஓர் ஒப்பீடு உதவும். இப்புதினம் கெர்ஹார்ட் லாம்ப்ரெக்டின் இயக்கத்தில் 1931ஆம் ஆண்டு திரைப்படமாயிற்று. பின்னாளில் ஹாலிவுட்டில் புகழ்பெற்ற பில்லி வைல்டர் அதன் திரைக்கதையில் பங்காற்றினார். அதே ஆண்டில், அதே பெர்லின் பின்னணியில், ஃபிரிட்ஸ் லாங்கின் ‘எம்’ திரைப்படம் வெளிவந்தது. அதில் குழந்தைகளைக் கொல்பவன் ஒருவனை நகரின் பிச்சைக்காரர்களும் குற்றவுலகத்தினரும் வலைவிரித்துப் பிடிக்கின்றனர். இரண்டிலும் காவல்துறைக்கு வெளியே அமைந்த வலைப்பின்னல் தெருத்தெருவாகக் கண்காணிக்கிறது. இரண்டிலும் ஒரு சிறு குறி குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கிறது. இங்கு ஊசித்துளை, அங்குச் சுண்ணக்கட்டியால் மேலங்கியில் பதித்த எழுத்து.

வேறுபாடு பிடித்தபின் நிகழ்வதில் உள்ளது. ‘எம்’ படத்தின் கூட்டம் தானே நீதிமன்றம் அமைத்து மரண தண்டனை கோருகிறது. கெஸ்ட்னரின் சிறுவர்கள் தீர்ப்பளிப்பதில்லை. தமக்குத் தெரிந்ததைச் சான்றாக மாற்றி உரிய இடத்தில் ஒப்படைப்பதோடு அவர்கள் பணி முடிகிறது. திருப்பித் திருடுவதை மறுத்த விவாதத்தின் தொடர்ச்சியே இது. திரைப்பட ஆய்வாளர் சீக்ஃபிரீட் கிரகாவர் 1947ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில், ‘எமில்’ திரைப்படத்தின் பகல்வெளிச்சத் தெருக்காட்சிகளில் ஜெர்மானிய அன்றாட வாழ்வின் மக்களாட்சித் தன்மைக்கான அறிகுறியைக் கண்டார். கூட்டம் தன் எல்லையை அறிந்திருப்பதே அத்தன்மைக்குரிய அடையாளம் எனப் புதினத்தைக்கொண்டு விளக்கலாம்.

தொலைபேசி அருகே ஒரு சிறுவன்

சிறுவர் குழுவின் அமைப்பில் ‘குட்டி டீன்ஸ்டாக்’ எனும் சிறுவன் தனித்து நோக்கத்தக்கவன். செய்திகளைப் பெற்றுத் தெரிவிக்கும் பணி அவனுக்கு ஒதுக்கப்படுகிறது. அதனால் வீட்டில் தொலைபேசி அருகிலேயே அமர்ந்திருக்கிறான். துரத்தலில் கலந்துகொள்ள அவனுக்கும் ஆசைதான்; ஆயினும் இடம் பெயர்வதில்லை. இறுதியில் எமிலின் பாட்டி அனைவரினும் மேலாக அவனையே பாராட்டுகிறாள். இளம் வாசகர் எவரும் தம்மை டீன்ஸ்டாக்காகக் கற்பனை செய்ய விரும்பமாட்டார். காண்பதற்கில்லாத பணியின் மதிப்பை அறிந்த வயதில்தான் பாட்டியின் தேர்வு சரியெனப் படுகிறது.

நூலின் குறைபாடொன்றும் இங்குச் சுட்டத்தக்கது. எமிலின் ஒன்றுவிட்ட சகோதரியான போனி துடிப்பும் நாவன்மையும் உடையவள். மிதிவண்டியில் நகரைச் சுற்றுபவள். எனினும் துப்பறியும் குழுவில் அவளுக்குக் கிடைப்பது செய்தி கொணர்வதும் காலையில் காப்பியும் ரொட்டியும் கொண்டுவருவதுமே. சிறுவர்களின் சொல் நம்பப்பட வேண்டும் எனக் கோரும் நூல், சிறுமியின் ஆற்றலை முழுமையாகப் பயன்படுத்தவில்லை.

முன்மாதிரிப் பிள்ளையின் சுமை

எமில் ஒரு முன்மாதிரி மாணவன். அவன் இயல்பிலேயே அவ்வாறு பிறந்தவனல்லன் என்றும், தாயை மகிழ்விக்கும் பொருட்டு முயன்று அவ்வாறு ஆனவன் என்றும் கதைசொல்லி விளக்குகிறார். இவ்விளக்கத்தின் ஆழத்தைக் கெஸ்ட்னர் 1957ஆம் ஆண்டு வெளியிட்ட ‘நான் சிறுவனாக இருந்தபோது’ எனும் இளமைக்கால நினைவுநூலுடன் சேர்த்துப் படிக்கும்போது உணரலாம். ‘எமில்’ என்பது கெஸ்ட்னரின் இயற்பெயரின் முதற்பகுதி. அவருடைய தாய் இடா, மகனின் கல்விக்காக முப்பது வயதிற்குப் பின் முடியொப்பனைத் தொழில் கற்றவர்.

நினைவுநூலின் இரு நிகழ்ச்சிகள் இப்புதினத்திற்கு நேரடியாகத் தொடர்புடையவை. முதலாவது, ஒரு பெண் தன் திருமணத்திற்கு ஒப்பனை செய்ய வேண்டும் எனப் பொய்சொல்லித் தாயை ஏமாற்றிவிடுகிறாள். பின்னர் அவளைத் தெருவில் கண்ட சிறுவன் எரிக், அவள் பணிபுரியும் கடைவரை பின்தொடர்ந்து சென்று கண்டுபிடிக்கிறான். தாயின் கூலியை மீட்கப் பின்தொடரும் சிறுவன் என்னும் கதைக்கரு இங்கிருந்தே தோன்றியது எனக் கருதலாம். இரண்டாவது, மனச்சோர்வுற்ற தாய் விடைபெறும் குறிப்பொன்றை வீட்டில் எழுதிவைத்துவிட்டுச் சென்றுவிட, டிரெஸ்டனின் பாலங்கள்தோறும் ஓடி அவளைத் தேடிய சிறுவனின் அனுபவம்.

இவற்றை அறிந்தபின் 140 மார்க் மேலும் கனமாகிறது. பணத்தைத் தொலைத்தால் தாய் உடைந்துபோவாள் என்னும் அச்சம் எமிலின் ஒவ்வோர் அடியிலும் இருக்கிறது. கண்காணிப்பின் நடுவே, இரவில், எமிலும் பேராசிரியரும் தத்தம் வீட்டைப் பற்றிப் பேசிக்கொள்கின்றனர். வசதியான வீட்டுப்பிள்ளையான பேராசிரியர் பெற்றோரைக் காண்பதே அரிது என்கிறான். எமிலோ தாய்க்கும் தனக்கும் உள்ள நெருக்கத்தைக் கூறுகிறான். அந்நெருக்கம் பேறாகவும் சுமையாகவும் இருப்பதை முதிர்ந்த வாசகர் ஒருங்கே காண்கிறார். பரிசாகக் கிடைத்த 1000 மார்க்கில் எமில் தாய்க்கு மின்சார முடியுலர்த்தியும் மென்மயிர் உள்ளுறையிட்ட மேலங்கியும் வாங்கத் திட்டமிடுகிறான். அத்தொகை அவளுடைய வருமானத்தில் ஏறத்தாழ 28 வாரங்களுக்குரியது.

நூலின் பின்வரலாறு

1933 மே 10 அன்று பெர்லின் ஓப்பரா சதுக்கத்தில் நாஜி மாணவர் அமைப்பினர் நூல்களை எரித்தபோது கெஸ்ட்னரின் நூல்களும் தீக்கிரையாயின. அவரே கூட்டத்தில் நின்று அதனைக் கண்டார். பெரும்புகழ் பெற்றிருந்த ‘எமில்’ அப்போது விலக்களிக்கப்பட்டது; எனினும் அவ்விலக்கும் நீடிக்கவில்லை. யூதரான எடித் யாக்கப்சோன் 1933இல் நாட்டை விட்டு வெளியேறி, 1935இல் இலண்டனில் மறைந்தார். வால்டர் டிரியர் 1936இல் இலண்டன் சென்றார். பில்லி வைல்டரும் 1933இலேயே ஜெர்மனியிலிருந்து வெளியேறினார். கெஸ்ட்னர் தடைகளுக்கிடையே அங்கேயே தங்கினார்.

1931ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் எமிலாக நடித்த ரோல்ஃப் வென்க்ஹவுஸும், குட்டி டீன்ஸ்டாக்காக நடித்த ஹான்ஸ் லோரும் 1942ஆம் ஆண்டு போரில் உயிரிழந்தனர். வங்கியில் ஒரு சிறுவனின் சொல் கேட்கப்பட்ட கதையில் நடித்தவர்கள், எவர் சொல்லும் கேட்கப்படாத அரசின் படைவீரர்களாக மடிந்தனர். இச்செய்தியை அறிந்த வாசகர் கதையின் மகிழ்ச்சியான முடிவை முன்போல் படிக்க இயலாது. ஆனால் அம்முடிவு பொய்யாகிவிடுவதில்லை. சான்றும் விவாதமும் தீர்ப்பளிக்கத் தயங்கும் கூட்டமும் எவ்வளவு எளிதில் இழக்கப்படக்கூடியவை என்பதை அது மேலும் தெளிவாக்குகிறது.

முடிவுரை

‘எமிலும் துப்பறிவாளர்களும்’ குற்றவாளி யார் என்னும் வினாவின்மேல் கட்டப்பட்ட நூலன்று. அதனாலேயே முடிவு தெரிந்தபின்னும் அது தேய்வதில்லை. அறிந்த உண்மையைப் பிறர் ஏற்கும்படி மெய்ப்பிப்பது எப்படி என்பதே அதன் புதிர். எமிலின் குற்றவுணர்வு அப்புதிரை இறுக்குகிறது. தாயின் கூலி அதற்கு எடையளிக்கிறது. ஊசித்துளை அதனை அவிழ்க்கிறது. நூலின் இறுதியில் பாட்டி எடுத்துரைக்கும் நீதி, பணத்தை அஞ்சலாணை வழியாகவே அனுப்ப வேண்டும் என்பது. நகைச்சுவைபோல் ஒலிக்கும் இக்கூற்றும் இந்நோக்கோடு பொருந்துகிறது. அஞ்சலாணை என்பது பணம் யாருடையது, யாருக்குரியது என்பதை எழுத்தில் பதிந்து செல்லும் சான்று அல்லவா!

சிறார் துப்பறியும் புனைவை ஆராய்வோர் கதைப்பின்னலின் விறுவிறுப்பையும் அறிவுரையையும் பெரிதும் கருத்தில் கொள்கின்றனர். அவற்றோடு வேறொரு வினாவையும் சேர்த்துக்கொள்ளலாம். கதையில் வரும் குழந்தையின் சொல்லை எவர் நம்புகிறார், எதன் அடிப்படையில் நம்புகிறார்? தமிழில் வெளிவந்துள்ள சிறார் துப்பறியும் கதைகளையும் இவ்வினாவுடன் மீண்டும் படிக்கும்போது, விளையாட்டாகக் கருதி ஒதுக்கப்பட்ட நூல்கள் சில புதிய மதிப்பைப் பெறக்கூடும்.